பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஈப்போவில் ஓர் இயந்திரம் என்னிடம் நீ யார் என்று கேட்கிறது. கோப்பிக்கடைக்கு மேலே முப்பத்தெட்டுப் படி ஏறினால் கல்லூரி. அதில் குளிரூட்டிய ஓர் அறை, ஆறு திரைகள். பெயரைத் தட்டினால் பச்சை எழுத்தில் காட்டும். அடுத்து ரகசியச் சொல்லைக் கேட்கும். எட்டு எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டுவேன். ஓர் எழுத்துகூடத் திரையில் தெரியாது. சுவரோடு பேசியதுபோல் உட்கார்ந்திருப்பேன். திடீரென்று உள்ளே விட்டுவிடும். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தாறு வருடம். எத்தனையோ கவுண்டர்களில் நான் யார் என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். எட்டே எழுத்தில் என்னை நம்பியது இது ஒன்றுதான்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. கணினிப் பாதுகாப்பில் முதுகலை படிக்கிறேன். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் படிப்பை இந்தக் கல்லூரி வார இறுதியில் நடத்துகிறது. வகுப்பில் ஒன்பது பேர். எனக்கு அடுத்த மூத்தவர் என்னைவிட இருபத்திரண்டு வயது இளையவர். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் தம்பி எழுதுகிறான்: “அண்ணே, இந்த வயசுல பூட்டு சாவி படிச்சு யார் வீட்டைக் காக்கப் போறீங்க?” அவனுக்கும், அவனைப்போல் கேட்கிற எல்லாருக்கும் இதுதான் என் பதில். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சியது போக மிச்சமிருக்கும் நேரம் என்னுடையது.

இந்தப் படிப்பில் இதுவரை நான்கு தடிப் புத்தகங்கள் முடித்துவிட்டேன். சாரம் மூன்றே கேள்விதான். வந்திருப்பவன் யார், அவன் என்னென்ன செய்யலாம், செய்ததைப் பிறகு எதை வைத்துச் சரிபார்ப்பது. இந்த மூன்றையும் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்து பார்த்தவன் நான். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆபீஸ் முன்னால் பெரட்டு, வேலையாட்களை வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுவது. நூற்று அறுபத்து நான்கு பேர். நான் பெயர் கூப்பிடுவேன். “வந்துட்டேன்” என்று பதில் வந்தால் செக்ரோல் என்கிற வருகைப் பேரேட்டில் ஒரு கோடு. இருட்டில் குரல்தான் ஆள். ஒருவன் மனைவிக்குப் பிரசவம் என்றால், அல்லது முந்தின இரவுக் கள்ளு இறங்கவில்லை என்றால், அடுத்த வீட்டுக்காரன் தன் குரலை மாற்றி அவனுக்காகப் பதில் சொல்வான். வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று நாள் சொல்லாமல் வேலைக்கு வராவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் என்பது தோட்ட மேனேஜர் துரையின் விதி. அடுத்த வீட்டுக்காரனைக் கைவிடக் கூடாது என்பது அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளின், லயத்தின் விதி.

ஒருநாள் முனியாண்டிக்காக இப்படி ஒரு குரல் வந்தது. முனியாண்டி பெரட்டுக்கு முன்பே ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனவன். திரும்ப நேரமாகும் என்று நினைத்து அடுத்த வீட்டுக்காரன் பதில் சொன்னான். உண்மையில் முனியாண்டி கால் முறிந்து, பால்மரங்களுக்கு நடுவே வடிகால் கானில் விழுந்து கிடந்தான். நூற்று அறுபத்து நான்குக்கு நூற்று அறுபத்து நான்கு என்று செக்ரோல் காட்டியது. ஆள் குறையாத பேரேட்டை வைத்துக்கொண்டு யார் யாரைத் தேடுவார்கள்? ஐந்தரை மணி நேரம் சேற்றில் கிடந்தான். இன்றுவரை அவனுக்கு இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. அவன் வந்ததாகக் கோடு போட்டது என் பேனா.

அதற்குப் பிறகும் மாற்றுக் குரலை நான் தடுக்கவில்லை. கோடு போடுவேன்; பக்கத்தில் ஒரு புள்ளியும் வைப்பேன். புள்ளி என்றால், வேறொருவன் சொன்னான், போய்ப் பார்த்துவா என்று பொருள். பெரட்டு முடிந்ததும் மண்டோர் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வருவார். “இது என்ன புள்ளி?” என்று துரை ஒருமுறை கேட்டார். “மை சிந்திருச்சுங்க தொரை” என்றேன்.

பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நான் ஈப்போவில் ஒரு கம்பெனியின் கணினி அறைக்கு, கணினிக்குக் கணக்கை ஊட்டும் அட்டைகளைத் துளைக்க வந்தேன். தபால்வழியில் பட்டம் வாங்கினேன். முனியாண்டியின் மகள் சரோஜா தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில் குமாஸ்தா ஆனாள். இப்போது என் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்காருகிறாள். வகுப்புக்கு வந்ததற்குக் கணக்கு, இயந்திரத்தில் பெயர் பதிவதுதான். பத்துச் சனிக்கிழமையில் எட்டு இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. அவள் ஏற்கெனவே இரண்டு விட்டிருந்தாள்.

எட்டாவது சனிக்கிழமை நான் படியேறப் போகையில் கோப்பிக்கடைக்காரர் கத்தினார்: “ஆனே! போன் லா!” சீனர்; ‘அண்ணே’ அவர் வாயில் இப்படித்தான் வரும், நம் ஆண்கள் எல்லாருமே அவருக்கு ‘ஆனே’தான்.

போனில் சரோஜா. “ஐயா, அப்பாவுக்கு மூச்சு விட முடியல, பெரிய ஆஸ்பத்திரி வார்டுல சேத்திருக்கேன். இன்னைக்கு வரலன்னா எனக்குப் பரீட்சை போச்சு. பாஸ்வேர்ட் சொல்றேன், நீங்க அடிச்சு விட்ருங்க.”

விதித்தாளில் பதினொரு விதிகள். ஏழாவது, பிறர் ரகசியச் சொல்லைப் பயன்படுத்துபவர் நீக்கப்படுவார். தெரிந்தேதான் தட்டினேன். ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்குச் சரோஜா வந்ததாக இயந்திரம் எழுதிக்கொண்டது. அவள் முன்பே எழுதி வைத்திருந்த பயிற்சி நிரலை ஓட்டி அச்செடுக்கும் முன், முதல் வரியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, ‘இவர் ஆஸ்பத்திரியில், தட்டியது நான்’ என்று ஆங்கிலத்தில் எழுதி என் பெயரையும் போட்டேன்.

திங்கட்கிழமை விரிவுரையாளர் வோங் கூப்பிட்டார். அவர் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசியதை நம் பேச்சில் தருகிறேன். “அங்கிள், படிக்கிறதே செக்யூரிட்டி. அடுத்தவங்க பாஸ்வேர்ட அடிக்கிறீங்களே, என்ன லா இது? அந்தப் பொண்ணு உங்க சொந்தமா?”

“இல்ல. அவங்கப்பா பேர நான் பெரட்டுல கூப்பிட்டவன்.”

பெரட்டு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ‘பரேட்’ என்று காதில் விழ, பட்டாளம் என்று எண்ணிக்கொண்டார். “ஓ, சோல்ஜரா?” என்று முகம் இளகி, ஒரு தாளை நீட்டினார். வயதின் காரணமாக விதி எனக்குப் புரியவில்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் நான் தப்பிக்கலாம். சரோஜாவுக்குப் பரீட்சை இல்லை.

பதினொரு விதியையும் வரிசையாக, பார்க்காமல் சொன்னேன். “புரியாமலா செஞ்சேன்? உங்க மெஷின் என்னைப் பிடிக்கல சார். நான் எழுதின வரிதான் பிடிச்சுக் குடுத்துச்சு. அந்தப் பொண்ணு எங்கயாவது கான்ல விழுந்து கிடந்திருந்தா, உங்க மெஷின் என்ன சொல்லும்? ஒம்பது நாலுக்கு வந்துட்டான்னு சொல்லும். யாரும் தேட மாட்டாங்க.”

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கல்லூரிக்கு ஆறு பக்கம் எழுதினேன். முனியாண்டியின் கால், புள்ளி, எல்லாம். பூட்டு போடுகிறவன் மனிதனைத் தனி ஆளாகவே நினைத்துக்கொள்கிறான். மனிதனுக்கு அடுத்த வீடு என்று ஒன்று இருக்கிறது. அதைக் குற்றம் என்று மட்டும் எழுதி வைத்தால் அது ஒளிந்துகொண்டு நடக்கும். அதற்கென்று ஓர் இடம் வைத்தால் பார்த்துக்கொள்ளலாம். இதுதான் என் வாதம்.

சரோஜாவுக்கு என்மேல் கோபம். “அந்த வரிய நீங்க எழுதாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது லா ஐயா.”

“அதனாலதாம்மா எழுதினேன்.”

வார்டில் படுத்திருந்த முனியாண்டி மூச்சுக்கு நடுவே சிரித்தான். “எங்காலுக்கு ஒரு புள்ளி, எம்மவ படிப்புக்கு ஒரு புள்ளி. விடவே மாட்டீங்களா கிராணியாரே?”

இருபத்தோரு நாள் கழித்து முடிவு வந்தது. அந்தச் சனிக்கிழமை சரோஜாவுக்கு ரத்து. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்டலாம். அவள் பரீட்சை எழுதுகிறாள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், இரண்டு வாரம் இயந்திரத்தைத் தொடத் தடை. கடிதத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதி, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். வோங் அதைப் பார்த்துவிட்டு, “அங்கிள், அந்த ஆறு பக்கத்த அறுபது பக்கமா எழுதுங்க. அதுதான் உங்க ஆய்வு” என்றார்.

நேற்று பரீட்சை விண்ணப்பம் வந்தது. பதினான்கு கட்டங்கள். ஐந்தாவது, குடியுரிமை. என் அடையாள அட்டை சிவப்பு; இங்கே வசிக்கலாம், இந்த நாட்டவன் அல்ல என்று அதற்கு அர்த்தம். ஊரிலோ தம்பியின் குடும்ப அட்டையில் என் பெயர் இன்னும் இருக்கிறது; ரேஷன் கடையில் எனக்கும் சேர்த்து, “இருக்காருங்க” என்று குரல் கொடுத்துச் சர்க்கரை வாங்குகிறானாம். இரண்டு பேரேட்டிலும் நான் குறையவில்லை; நான் எந்த ஊர் ஆள் என்று மட்டும் இரண்டுமே சொல்லவில்லை. பேனாவைத் திறந்து முதல் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். யாராவது போய்ப் பார்த்துவரட்டும்.