பொற்கொடிக்கு வாய்த்த டிரம்ஸ்காரன்

சொன்ன தேதிக்கு முன்னாலேயே ரவிக்கையைத் தைத்துக் கொடுக்கும் தையல்காரரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கறம்பக்குடிக்கு வந்தால் பார்க்கலாம். பெயர் பொற்கொடி. என் மனைவி. குழம்பு கொதிப்பதற்குள் எனக்கு இலை போட்டுவிடுவாள். அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். நானோ ரேஷன் கடையில் எடை போடுகிறவன். தராசில் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பதுதான் என் பிழைப்பு. எங்கே கிளம்பினாலும் அவள் முன்னால் போய்விடுவாள், நான் பின்னால் போய்ச் சேருவேன்.

அவளுக்குக் கிட்டார் என்றால் உயிர். செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டு, மாதா கோயில் பாடற்குழுவுக்கு வாசிக்கிறாள். போன கிறிஸ்துமஸில் டிரம்ஸ் வாசித்தவர், இந்த அக்காவோடு யார் ஓடுவது என்று பாதிப் பாட்டில் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். இந்த வருடம் பங்குச் சாமியார் பக்குவமாகச் சொன்னார்: தாளத்தோடு பாட்டைப் பதிந்து கொண்டு வா, கேட்கிறேன், சரிவராவிட்டால் புதுக்கோட்டையிலிருந்து கீபோர்டுக்கு ஆள் கூப்பிட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்குச் சாமியார் மேல் கோபம்தான்.

மகள் மோகனப்ரியாவின் லேப்டாப்பில் டிரம்ஸ் சாஃப்ட்வேர் ஒன்றைப் பொற்கொடி ஏற்றினாள். வேகத்துக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும், ஆளே இல்லாமல் டிரம்ஸ் வாசிக்கும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, தெருவில் பழைய இரும்பு வண்டியின் மைக் ஓயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, தான் கட்டிய பாட்டை வாசித்தாள். பாட்டு முடிந்துவிட்டது. டிரம்ஸ் முடியவில்லை. எண்ணைக் கூட்டினாள். அப்போதும் அவளே முந்தினாள். இன்னும் கூட்டினாள், ஆரம்பத்தில் விரல் திணறியது, கடைசியில் அதையும் முந்திவிட்டாள். எங்கள் வீட்டில் அவளுக்கு வளைந்து கொடுக்காத ஒரே ஆள் அந்த டிரம்ஸ்காரன்தான். உள்ளுக்குள் எனக்கு அவனைப் பிடித்திருந்தது.

“அந்த ஆளு வேணும்னே பின்னால இழுக்குறான்ங்க” என்று அவள் கண் கலங்கியபோதுதான் எனக்குச் சிரிப்பு அடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து, பதிந்ததையெல்லாம் திரும்பத் திரும்ப நிதானமாகக் கேட்டேன். எனக்கு வருவது அது ஒன்றுதான்.

“பாட்டு பூராவுமா ஓடுற? பாலன் பொறந்துட்டாருன்னு வர்ற எடத்துல மட்டுந்தான புள்ள ஓடுற” என்றேன்.

“அந்த எடத்துல எப்புடிங்க நடந்து போறது?”

கேட்டுவிட்டு அப்படியே என்னைப் பார்த்தாள். பிறகு துள்ளி எழுந்தாள். டிரம்ஸை அணைத்துவிட்டு, கிட்டாரை மட்டும் தன் இஷ்டத்துக்கு வாசித்துப் பதிந்தாள். அதன்பின் அந்தக் கிட்டாருக்கு ஏற்றபடி வரிக்கு வரி டிரம்ஸின் எண்ணை மாற்றினாள். பாலன் பிறக்கும் வரியில் டிரம்ஸும் சேர்ந்து ஓடியது. சாமியார் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

கிறிஸ்துமஸ் காலைத் திருப்பலி. ஸ்பீக்கரில் டிரம்ஸ், பாடற்குழுவுக்கு முன்னால் கிட்டாரோடு பொற்கொடி. அந்த வரி வந்ததும் டிரம்ஸ் ஓடியது, பாடற்குழு ஓடியது, கோயில் முழுக்கக் கைதட்டலும் கூடவே ஓடியது. எப்போதும் ஓர் அடி தள்ளியே தட்டுகிற என் கையும் ஓடியது. கடைசி அடியில், கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக, நானும் அவளும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம்.