அஞ்சலாட்சியின் புல்லு வண்டி

அஞ்சலாட்சி அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. நாற்பத்து மூன்று வயதில் முதன்முதலாக அவள் ஓட்டியது புல் வெட்டும் வண்டியைத்தான். உப்பளம் என்ற பகுதியில் ஒரு தனியார் மைதானத்துக்குச் சொந்தமானது அது. பார்க்கச் சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும். மேலே இருக்கை, வயிற்றுக்கு அடியில் சுழலும் பிளேடு. அங்கே எல்லாருக்கும் அது ‘புல்லு வண்டி’.

வேலை பார்த்த பஞ்சாலை மூடிய பிறகு, கூட்டிப் பெருக்கத்தான் மைதானத்தில் சேர்ந்தாள். அப்போது வண்டி ஓட்டியவர் அரிகிருஷ்ணன். ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் மினி லாரியில் ஏற்றும்போது, சாய்த்து வைத்திருந்த பலகை நழுவியது. வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு அவரோடு மல்லாந்தது. இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்தார். எழுந்து நடமாட ஆரம்பித்ததும், “இனிமே அந்தச் சனியனைத் தொடமாட்டேன்” என்று கும்பிடு போட்டுவிட்டார். ஆள் கிடைக்காமல் மேனேஜர் செம்மல் திண்டாடியபோது, “நான் ஓட்டிப் பாக்கட்டுமா சார்?” என்று கேட்டாள் அஞ்சலாட்சி. பதினெட்டு வருஷம் நூற்பு மெஷின் பக்கத்தில் நின்றவள். சத்தத்தை வைத்தே எஞ்சினின் குணத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரே வாரத்தில் கோடு போட்டதுபோலப் புல் வெட்டினாள்.

மறு வருஷம் ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. மைதானத்து ஷெட் பள்ளத்தில் இருக்கிறது. மழை வலுத்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வண்டியைக் கருவடிக்குப்பத்தில் இருக்கும் குடோனுக்குக் கொண்டுபோகச் சொன்னார் செம்மல். மத்தியானம் லோடு அடிக்கும் கோபிநாத் தன் ‘குட்டியானை’ மினி லாரியோடு வந்தான். கூடவே இரண்டு மரப்பலகை.

“ஏறி ஒரே மூச்சுல ஓட்டுங்கக்கா. மழைக்கு முன்னாடி எனக்கு இன்னும் ரெண்டு லோடு இருக்கு.”

அவன் லாரியில் சாய்த்து வைத்த பலகையை அஞ்சலாட்சி பார்த்தாள். செங்குத்தாக நின்றது.

“இதுல ஏத்தமாட்டேன் தம்பி.”

“அப்ப எதுலதான் ஏத்துவீங்க?”

அஞ்சலாட்சி மைதானத்தைச் சுற்றி நடந்தாள். தெற்குப் பக்கம் மதிலில் ஒரு இரும்பு கேட் உண்டு, வருஷக்கணக்கில் திறக்காதது. அங்கே மைதானம் ரோட்டைவிட இடுப்பளவு உயரம். குட்டியானையை ரோட்டில் பின்பக்கமாகக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினால், அதன் தளமும் மைதானத்துத் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும். செம்மலிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

“சாவி எங்க இருக்குன்னே தெரியலயேம்மா” என்று அவர் தலையைச் சொறிந்தார்.

“பூட்டை உடைச்சிடலாம் சார். எலும்பை உடைச்சிக்கறதுக்கு அது தேவலை.”

செம்மல் சிரித்துவிட்டார். பூட்டு உடைந்தது. கோபிநாத் முணுமுணுத்துக்கொண்டே சுற்றி வந்து நிறுத்தினான். சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னாள். இடையில் இருந்த ஒரு முழ இடைவெளிக்கு ஷெட்டில் கிடந்த தடித்த இரும்புத் தகட்டைப் போட்டு, அது நகராமல் சங்கிலியால் கட்டினாள். பிளேடை நிறுத்தித் தூக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் மெதுவாக உள்ளே ஏற்றினாள்.

“ஏன் பின்னாலயே போறீங்க?” என்றான் கோபிநாத்.

“பின்பக்கம்தான் கனம். அது முதல்ல மேல போயிட்டா முன்பக்கம் தூக்காது.”

பிரேக்கைப் போட்டு, சாவியை எடுத்து, பெட்ரோல் குழாயை மூடினாள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்கினாள். கையால் உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

வழியில் ஒரு மாடு குறுக்கே வர, கோபிநாத் சடாரென்று பிரேக் அடித்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். புல்லு வண்டி வைத்தது வைத்தபடி நின்றது. அதற்குப் பிறகு அவன் முணுமுணுக்கவில்லை. அவளைக் கேட்டுக்கேட்டு ஓட்டினான்.

குடோனில் மூட்டை இறக்கும் மேடை இருந்ததால் நேராக ஓட்டி இறக்கிவிட்டாள். அடியில் அப்பியிருந்த பச்சைப் புல்லைச் சுரண்டி, துடைத்து உலர்த்தினாள். பேட்டரி வயரைக் கழற்றினாள். சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்தாள். கோபிநாத் நீட்டிய பிளாஸ்டிக் தார்ப்பாயை வாங்கவில்லை. “உள்ள வேர்த்துத் துரு ஏறும்” என்று பழைய பருத்திப் படுதாவைப் போர்த்தினாள். கூடவே கொண்டுவந்த பெட்ரோல் கேனைத் தனியாக, காற்றோட்டமான வெளி அறையில் வைத்துப் பூட்டினாள்.

புயல் இரண்டு நாள் அடித்தது. உப்பளத்து ஷெட்டில் தொடை அளவு தண்ணீர். பத்து நாள் கழித்து வயரை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. செம்மல் தெற்கு கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கி, சாவியை அவளிடமே கொடுத்தார். வண்டி மைதானத்துக்குத் திரும்பியபோது புல் கணுக்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. மூன்று நாள் வெட்டினாள். வீட்டில் கணவர் கிருஷ்ணசாமி, “உன் மேல புல்லு வாசனையே போகலியே” என்று கேலி செய்தார். அவளுக்கு அது பிடித்திருந்தது.

போன வாரம் கோபிநாத் போன் பண்ணினான்.

“அக்கா, தேங்காய்த்திட்டுல ஒரு ஜெனரேட்டர் ஏத்தணும். கொஞ்சம் வந்து பக்கத்துல நிக்கிறீங்களா?”

“பலகை எடுத்துட்டு வந்திருக்கியா?”

“இல்லக்கா, உயரமா ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன்.”

“அப்ப வரேன்” என்று சொல்லிவிட்டு, அஞ்சலாட்சி செருப்பை மாட்டினாள்.