சாவியைத் திருகிய பத்து நிமிடம்

அந்தப் பெட்டி என்னால் எரிந்ததா, என்றைக்கானாலும் எரியக்கூடியதுதானா? இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை.

ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கிழட்டுக் கார் நின்றது. காலையில் அதைக் கிளப்ப இரண்டு பேர் தள்ளவேண்டும். தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் பிரிவில் இருந்த அப்பா, பொறி உண்டாக்கும் பழைய பாயின்ட்டைக் கழற்றிவிட்டு, சோப்புப் பெட்டி அளவில் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியைத் தானே செய்து மாட்டினார். பொறி இன்னும் வலுவாக வரட்டும் என்று, பொறிக்கு அழுத்தம் கூட்டும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் கம்பியையும் நீக்கிவிட்டார். வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. காலனியே வந்து வேடிக்கை பார்த்தது.

அக்காவின் பத்தாம் வகுப்புப் பரீட்சை. மையம் செகந்திராபாத்தில். ஜன்னலோர இடம் பிடிக்கக் காரில் முதலில் போய் உட்கார்ந்தவள் நான்; ஏழு வயது. சாவி அதிலேயே தொங்கியது. ஒரு திருகு திருகினால் சிவப்பு விளக்கு எரியும், எஞ்சின் ஓடாது. திருகிவிட்டுப் பத்து நிமிடம் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை பின்ன அம்மா கூப்பிட்டதும் அணைத்துவிட்டு ஓடினேன்.

கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது.

"நக்கோ பாய், வேணாம், இன்னிக்கு நம்ம வண்டி!" என்று டிரைவரிடம் சொல்லி அப்பா அதை அனுப்பிவைத்தார்.

அதன் பிறகு கார் கிளம்பவே இல்லை.

"அப்பா, எட்டே கால் ஆச்சுப்பா!" என்று அக்கா அழுதாள்.

"பஸ்ஸையும் அனுப்பியாச்சு. பெரிய இன்ஜினியரு!" என்றார் அம்மா.

அப்பா பானெட்டைத் திறந்து பெட்டியைத் தொட்டார். சுட்டதுபோல் கையை உதறினார். என்னை ஒரு கணம் பார்த்தார். எதிர்வீட்டு ரெட்டி மாமா ஸ்கூட்டரை உதைத்து, "ரா அம்மா, எக்கு, எக்கு!" என்று தெலுங்கில் ஏறச் சொல்லி, அக்காவை ஏற்றிக்கொண்டு பறந்தார். மணி அடித்த பிறகே அவள் உள்ளே போனாள். அவசரத்தில் முதல் பக்கம் முழுவதும் அடித்தல்.

சாயங்காலம் மாமா கேட்டதற்கு அப்பா, "என் கணக்குதான் தப்பு. அந்தக் காயில் இழுக்கற கரண்டை இந்த டிரான்சிஸ்டர் தாங்காது" என்றார். பழைய பாயின்ட்டை மாட்டினார். அதற்குப் பிறகு வீட்டில் எதையும் அவர் செய்து பார்த்ததில்லை.

தப்பு தங்களுடையது என்று பெரியவர்கள் சொன்னால் அதுதான் உண்மை என்று நான் நம்பினேன். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் திறந்திருந்தால் மின்சாரம் நிற்காமல் பாய்ந்து அந்தப் பெட்டி வெந்துபோகும் என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். அப்பா நீக்கிய அந்தக் கம்பி இருந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும்.

போன வாரம் என் மகள் ஒரு ரேடியோ செய்து தரச் சொல்லி அப்பாவைக் கெஞ்சினாள். "தாத்தாவுக்குக் கணக்கு சரியா வராதும்மா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

நான் சாவியைத் திருகியது அவருக்கு அன்றே தெரிந்திருந்தால், நான் இப்போது வாய் திறப்பது அவர் எனக்காகச் சுமந்ததைத் தட்டிவிடுவது போலாகும். தெரியாதிருந்தால், நான் பேசாமலிருக்கும் ஒவ்வொரு நாளும் பாவம். இத்தனை வருடம் கழித்துப் பெற்றவர்களிடம் இப்படி ஒன்றைச் சொன்னவர்கள் உங்களில் இருந்தால், எப்படி ஆரம்பித்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.