விரத வீட்டில் ஒரு தும்மல் பூனை

துணி தைக்கிற வீட்டில் பூனை இருந்தால் வாடிக்கைக்காரர் முடியைப் பார்த்து முகம் சுளிப்பார். இல்லாவிட்டால் எலி துணியைப் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டில் முதல் கஷ்டத்தைத் தேர்ந்தெடுத்த தையல்காரிகளுக்காக எழுதுகிறேன். இந்தத் தீவில், போ பசான் ஊரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் தையல்கடை. கான்வென்டில் எனக்குப் பிரெஞ்சும் பூவேலையும் கற்றுக்கொடுத்தார்கள். சோறு போடுவது பூவேலை. மினெத், கப்ரால் என்று ஏற்கெனவே இரண்டு பூனைகள். மூன்றாவது வந்து சேர்ந்த கதை இது. பிள்ளை தூங்கும் நேரத்தில் எழுதுவதால் அங்கங்கே அறுந்திருக்கும். பேச்செல்லாம் கிரியோலில் நடந்தது, தமிழாக்கியது நான். மாதாம் என்றால் அம்மா, மா ஃபி என்றால் மகளே, அவை இரண்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

தகரத்தின் கீழே

புயல் ஓய்ந்த காலையில், துணி துவைக்கும் கொட்டகையின் தகரம் முற்றத்தில் கிடந்தது. தூக்கினால் கீழே ஒரு சாம்பல் நிறப் பூனை. கண்கள் இரண்டும் பீளையில் ஒட்டியிருந்தன. மூக்கு ஒழுகியது. மூச்சு விட்டால் கொதிக்கிற கெண்டி மாதிரிச் சத்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். ஒரு கண் திறந்து என்னைப் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கே கொண்டுபோய் விடுவது? மழையோடு வந்ததால் லாப்ளி என்று கூப்பிட்டேன். கிரியோலில் மழைக்கு அதுதான் பெயர்.

என் கணவர் தலைநகர் போர்ட் லூயியில் குமாஸ்தா. பஸ் ஓடாததால் அன்று வீட்டில் இருந்தார். பூனையைப் பார்த்தார், தொட்டிலில் கிடந்த எங்கள் மூன்று மாத மகளைப் பார்த்தார். எனக்கும் அதே பயம்தான், ஆனால் அவர்தான் வாய்விட்டுச் சொன்னார்: "பாப்பா கண்ணில ஒரு சொட்டுத் தண்ணி வரட்டும், இது சாக்குக்குள்ள போயிடும். இப்பவே சொல்லிட்டேன்."

துணிக்கூடையில் பிரயாணம்

ரோஸ் ஹில்லில் சீமையில் படித்துவிட்டு வந்த மிருக வைத்தியர் ஒருவர் இருந்தார். துணிக்கூடையில் வைத்து, மேலே பாவாடைத் துண்டைப் போட்டு மூடி, பஸ்ஸில் கொண்டுபோனேன். கூடை வழியெல்லாம் தும்மியது. பக்கத்தில் இருந்தவர் எனக்குக் கைக்குட்டை கொடுத்தார்.

வைத்தியர் சொன்னது: மனிதருக்கு உதட்டோரம் கொப்புளம் வருகிறதே, அந்தக் கிருமியின் சொந்தக்காரக் கிருமி, ஹெர்ப்பிஸ். பூனைக்குப் பூனை ஒட்டும், மனிதரை ஒட்டாது. ஒருமுறை வந்தால் உடம்பைவிட்டுப் போகாது. பூனை பயந்தாலோ களைத்தாலோ மறுபடி தலைகாட்டும். தனி அறையில் வை, வீட்டுப் பூனைகளின் வாசனையைத் துண்டில் துடைத்து இதற்குக் கொடு, இதன் தும்மல் அடங்கியபின் கதவுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் சாப்பாடு வை, அப்புறம் கதவைத் திற. நான் குழந்தையைப் பற்றி மூன்றுமுறை கேட்டேன். மூன்றுமுறையும் ஒட்டாது என்றார். நான்காவது முறை வாயைத் திறப்பதற்குள் பேச்சை மாற்றிவிட்டார்: "மாதாம், கவலைப்படுறதா இருந்தா இது சாப்பிடுதான்னு கவலைப்படுங்க. மூக்கடைச்ச பூனைக்கு நல்ல சாப்பாடு வேணாம், நாறுற சாப்பாடு வேணும்."

ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோட்டு

வீட்டில் கதவு ஒழுங்காகச் சாத்துகிற அறை ஒன்றே ஒன்று, வாடிக்கைக்காரர் உடை போட்டுப் பார்க்கிற அறை. லாப்ளி அங்கே குடியேறியது. வெளியே கப்ரால் உட்கார்ந்து, கதவின் அடியில் கையைவிட்டுத் துழாவிக்கொண்டே உறுமும். மினெத் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு விஷயமே காதில் விழவில்லை.

சுதந்திரம் வருகிறது என்றதும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுகிற குடும்பங்கள் அப்போது நிறைய. மாதாம் தெரேஸ் அப்படிப் போவதற்காகக் கம்பளிக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார். அவர் அதைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது, நான் கப்ராலைத் துடைத்த துண்டை எடுத்துவந்து லாப்ளியின் பெட்டியில் விரித்தேன். இது என்ன சடங்கு என்று கேட்டார். வாசனை பழகினால் அடித்துக்கொள்ளாது என்றேன். அவர் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டே துண்டைப் பார்த்தார். "அங்க போய் இறங்கினா எங்களுக்கு யாராவது இப்படி ஒரு துண்டு கொடுப்பாங்களா, மா ஃபி?"

கோட்டு நன்றாகத்தான் அமைந்தது.

கொடியேறிய பிறகு

கோவிலில் தைப்பூசக் கொடி ஏறியது. மகள் பிறந்தபோது நான் பிழைப்பேனா, அவள் பிழைப்பாளா என்று இருந்தது. அன்று நேர்ந்துகொண்ட காவடியை அந்தத் தைப்பூசத்துக்கு என் கணவர் எடுக்க இருந்தார். கொடியேறினால் காவடி முடியும்வரை வீட்டுக்குள் மீன் இல்லை, முட்டைகூட இல்லை. ரோஜா நிறத்துணி மலைமாதிரி குவிந்துகிடந்தது. காவடி எடுப்பவர்கள் உடுத்துவது அந்த நிறம். மீனுக்குப் பதில் பால்சோறு வைத்தேன். லாப்ளி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, முகரத்தான் மூக்கு இல்லையே. இரண்டாம் நாள் முதுகெலும்பு கையில் தட்டியது. மீன் கொண்டுவந்தால் பிள்ளைக்காகச் செய்த நேர்த்தி கெடும், கொண்டுவராவிட்டால் பூனை சாகும். எனக்கு எது முதல் பயம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

பக்கத்துவீட்டு மாதாம் லிலீன் சலவைக்காரி, தேவாலயம் தவறாதவர். வேலி வழியாக லாப்ளி இருந்த கூடையை வாங்கிக்கொண்டு, "போய்க் குளி, உன் கையில பூனை வாசனை" என்றார். அவர் அடுப்பில் கருவாடு வெந்துகொண்டிருந்தது. நான் பெருமூச்சுவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். சாயங்காலம் மினெத்தையும் காணோம், கப்ராலையும் காணோம். என் பூனைகளும் விரதம்தானே இருந்தன. அதை நான் நினைக்கவே இல்லை. வேலியோரம் போய்ப் பார்த்தால் ஒரே அலுமினியத் தட்டு, மூன்று தலைகள், ஒரு உறுமல்கூடக் கிடையாது. கதவு, துண்டு, நாள்கணக்கு எல்லாம் போச்சு. மாதாம் லிலீன் இடுப்பில் கைவைத்து நின்றார். "விரதம் உன் வீட்டுக்கு, மா ஃபி. பூனைங்க மூணும் கத்தோலிக்க மதத்துக்கு வந்தாச்சு."

ஒரு சொட்டுத் தண்ணீர்

அந்த வாரக் கடைசியில் கப்ரால் தும்மியது. மினெத்துக்கு ஒன்றுமில்லை. மறுநாள் மகளைத் தொட்டிலிலிருந்து எடுத்தேன். இடது கண் பீளையில் ஒட்டியிருந்தது. துடைத்தால் தண்ணீர் வழிந்தது. லாப்ளியின் கண் மாதிரியே.

என் கணவர் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. விரதத்தில் ஓர் உயிரை ஒன்றும் செய்ய முடியாது, "காவடி முடியட்டும்" என்று மட்டும் சொன்னார். பிள்ளையைச் சுருட்டிக்கொண்டு ரோஸ் ஹில்லுக்கு ஓடினேன், இந்தமுறை மனித டாக்டரிடம். அவர் பிள்ளையின் மூக்கோரம் சுண்டுவிரலால் அழுத்தினார். கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கும் குழாய் பிறந்ததிலிருந்தே சரியாகத் திறக்கவில்லை, நிறையக் குழந்தைகளுக்கு இப்படித்தான், தினம் இப்படி நீவிவிடு, தானே திறக்கும் என்றார். பூனையிடமிருந்து வந்ததா என்றேன். "பிள்ளை பிறந்தப்ப அந்தப் பூனை எங்க இருந்தது, மாதாம்?"

காவடி முடிந்த மாலை

டாக்டர் சொன்னதை வீட்டில் அப்படியே சொன்னேன். என் கணவர் கேட்டுவிட்டுக் காவடிக்குத் துணி சுற்றப் போனார். காவடியன்று தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து, பாதம் கொப்புளித்து வந்து படுத்தார். வீடு முழுக்க உறவுக்காரர்கள், பாட்டு, பாத்திரச் சத்தம். பயந்துபோய் லாப்ளிக்குக் கண் மறுபடி ஒழுக ஆரம்பித்தது. வேறு நாளா கிடைக்கவில்லை அதற்கு?

எல்லோரும் போனபின் கீழே உட்கார்ந்து, நீவிவிட்டு மகளின் கண்ணைத் துடைத்தேன். கை கழுவிவிட்டு வந்து பூனையின் கண்ணைத் துடைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். விரதம் முடிந்துவிட்டது, சாக்கு சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. அவர் நொண்டிக்கொண்டு எழுந்து அங்கே போனபோது என் கை நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது கையில் இரண்டு தட்டுகள். பஞ்சைப் பிரித்து வைத்தார். "வெள்ளைத் தட்டு பாப்பாவுக்கு, நீலத் தட்டு அதுக்கு. மாத்திடாத."

புதுப்பூனையை வீட்டுப் பூனைகளோடு சேர்ப்பது எப்படி என்று கேட்கிற தையல்காரிகளுக்கு நான் சொல்லக்கூடியது, கதவைச் சாத்துவது நம் வேலை, சேர்ந்துகொள்வது பூனைகளின் வேலை, பயப்படுகிற வேலையை மட்டும் யாரும் பங்கு கேட்டு வரமாட்டார்கள் என்பதுதான்.