இலை போட்ட பெட்டி

பையில் ஒயினை நிரப்பி, மிஞ்சிய காற்றை உள்ளங்கையால் அழுத்தி விரட்டி, அட்டைப் பெட்டிக்குள் இறக்கி மூடி, அதன் தலையில் ரெண்டு அடி. "போ, போய்ப் பொழச்சுக்கோ!" எதிர்ப்பக்கம் ரொட்டிக்கடை வைத்திருக்கும் எனக்கு ஒயின்கடை எங்ராசியாவின் இந்தக் குரலில்தான் பொழுதே விடியும்.

ஐந்து லிட்டர் பதினான்கு யூரோ. பெட்டி ஒயின் என்றால் எங்கள் ஊரில் இளக்காரம். குழம்பில் ஊற்றத்தான் லாயக்கு என்பார்கள். அவள் காதில் விழுந்ததோ, தொலைந்தார்கள். "பாட்டிலையா கடிச்சுத் திங்கப் போறே? கண்ணாடிக்கு அழுவுற காச உன் வயித்துக்கு அழு!" பெட்டியின் குழாயைத் திறக்கத் திறக்க உள்ளே பை சுருங்கும், காற்று புகாது, ஒன்றரை மாதம் கெடாது. இதையெல்லாம் அவள் விளக்கிக்கொண்டிருக்க மாட்டாள். ஒரு கிளாஸ் பிடித்து நீட்டுவாள். குடித்தவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்.

பெட்டியின் பக்கத்தில் பச்சை இலை முத்திரை. ரசாயனம் படாத திராட்சை என்று பொருள். அதற்காகவே தன் திராட்சைத் தோட்டத்தில் கொடி வரிசைகளுக்கு நடுவே புல்லை வளரவிட்டு, மே மாதம் அறுத்து அங்கேயே பரப்புவாள். ஊர்ப் பெரிசுகளுக்கு அது பொறுக்காது. கொடியடி பெருக்கிவிட்ட கூடம் மாதிரி இருக்க வேண்டும். புல் நின்றால் சோம்பேறி என்று பெயர்.

மார்ச் மாதம் கண் ஆபரேஷனுக்கு முர்சியா நகரத்துக்குப் போனவள், நான்காம் நாள் ஒரு கண்ணில் கட்டோடு திரும்பினாள். பக்கத்துத் தோட்டத்துச் சாத்தூர்னினோ வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"உன் மானத்தக் காப்பாத்திட்டேன், எங்ராசியா! தோட்டத்துல இனி ஒத்தப் புல்லு நிக்காது. மருந்து என் செலவு!"

களைக்கொல்லி! எனக்கே ரத்தம் கொதித்தது. உதவியாம், உதவி! முத்திரை போனால் திரும்ப வாங்க மூன்று வருடம். அவளுக்கு இருப்பதோ அந்த ஒரே தோட்டம்.

"யோவ், உன்னைக் கேட்டேனா? நாப்பது வருசமா பக்கத்துல நிக்கிறியே, என் புல்லு என்ன பாவம்யா பண்ணிச்சு உனக்கு?"

மனிதர் வெளிறிப்போனார். "முத்திரைக்காரங்க செவ்வாய்க்கெழமதானே ஆய்வுக்கு வர்றாங்க? நாளைக்கே உழுது மூடிடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தலையாட்டினேன்.

"எனக்குத் தெரியுமே!" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கத்திவிட்டு, முத்திரை தரும் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "ஆமா, களைக்கொல்லிதான். முழுசா அடிச்சாச்சு. எழுதிக்குங்க." யார் அடித்தது என்று கேட்டிருப்பார்கள் போல. "தோட்டம் என்னுது" என்றாள்.

வரும் அறுவடைக்காக அச்சடித்து வந்த எழுநூறு பெட்டி அட்டைகள் சுவரோரம் கட்டுக்கட்டாக இருந்தன. மேலே இருந்ததை எடுத்து, கறுப்பு மார்க்கரால் பச்சை இலையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்தாள். பிறகு மார்க்கரைச் சாத்தூர்னினோவின் கையில் திணித்து, கட்டுகளைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.