ஐஸ் பிளாஸ்கில் சரோஜாவின் ரத்தம்

சாம்பிள் ஃபெயில் ஆனால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். ஓசூர் ஃபேக்டரி ஒன்றில் குவாலிட்டி கன்ட்ரோலில் குப்பை கொட்டும் எனக்கு இதுதான் வேதம். அதைக் கட்டின மனைவிக்கும் போட்டுப் பார்ப்பானா ஒருத்தன்? பார்த்தேன். போன வாரம் அப்படி நம்பிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

என் மனைவி சரோஜாவுக்கு மூளையில் இருந்த கட்டியை எடுத்து ஆறு மாதம் ஆகிறது. மழித்த இடத்தில் முடி இப்போதுதான் பிரஷ் மாதிரி நிற்கிறது. கட்டி மறுபடி வருமா? வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. நான் மட்டும் சுற்றி வளைத்துக் கேட்பேன்... அவள் நெற்றிக்குக் கை போனால் போதும்.

"தலை வலிக்குதா?"

"பொட்டு வெக்கிறேங்க. அதுக்கும் பர்மிஷன் வாங்கணுமா?"

ஆபரேஷன் செய்த பெங்களூர் டாக்டர் ஓர் ஆராய்ச்சியும் செய்கிறார். கட்டி திரும்ப முளைக்கும் முன்பே ரத்தத்தில் ஏதாவது புரோட்டீன் கூடுகிறதா, குறைகிறதா — அதை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று. "ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்னாடி கொஞ்சம் ரத்தம் வேணும். சூடு படாம கொண்டு வாங்க" என்றார்.

சரோஜாவுக்குப் பஸ் குலுக்கல் ஆகாது. அதனால் ஓசூர் லேபிலேயே ரத்தம் எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் குழாயை இறக்கி என் கையில் கொடுத்தார்கள்.

அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. பஸ் நகரவில்லை. வெயிலோ வெயில். ஐஸ் கரைந்துவிட்டதா என்று பிளாஸ்கைத் திறந்து திறந்து பார்த்தேன். திறக்கத் திறக்க இன்னும் கரைந்தது!

"ஏன் சார், காபியா? நமக்கும் கொஞ்சம் கொடி" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார் கண்டக்டர்.

"ரத்தம்."

"யாருது?"

"என் பொண்டாட்டிது."

பக்கத்து சீட்டில் இருந்த பேரிகை ஊர்க்காரர் தக்காளிக் கூடையோடு எழுந்து பின்னால் போய்விட்டார். கண்டக்டர் அப்புறம் என் பக்கமே வரவில்லை.

ஒருவழியாகப் பெங்களூரில் இறங்கி ஓடி, ஒரு ஜூஸ் கடையில் கெஞ்சி ஐஸ் வாங்கிப் போட்டேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ சரோஜா, வந்துட்டோம்" என்றேன். யாரிடம்? பிளாஸ்கிடம்.

டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கெட்டுப்போச்சு சார்."

"அப்ப... அவளுக்குத் திரும்ப வந்துடுமா டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். "இது கெட்டதுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல. நல்லா இருந்திருந்தாலும் இன்னிக்கு இது எதையும் சொல்லாது. எந்தப் புரோட்டீன்னு நாங்களே இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கோம். ஸ்கேனுக்கு வரப்ப வேற எடுத்துக்கலாம்."

வீட்டில் கதையைக் கேட்டு சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உள்ள இன்னும் நெறைய இருக்குதுங்க. அதுக்குப் போயி அழுவுறீங்களே!"

நான் எங்கே அழுதேன்? பிளாஸ்க் ஒழுகியிருக்கும்.

இந்த வாரம் வாடகைக் காரில் போனோம். ரத்தம் எடுத்த நர்ஸிடம் சரோஜா சொன்னாள்: "இவரு கையில மட்டும் குடுத்துராதீங்கம்மா."

அந்த ரத்தம் என்ன சொல்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஸ்கேனில் கட்டி இல்லை.