வண்ணாரப்பேட்டையில் ஒரு கோல்ஃப் சட்டை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலுவலகத்தில் கோல்ஃப் போட்டி. பெண்களில் பெயர் கொடுத்திருப்பது நான் ஒருத்திதான். அதற்குச் சட்டை எடுக்க இன்று மதியம் வண்ணாரப்பேட்டைக்குப் போனேன்.

"கோல்ஃப் ஆடணும் பாய். காலர் வச்சு, கையில்லாம, மெல்லிசா குடுங்க."

கடைக்காரர் கறுப்பில் முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இந்த வெயில்ல இத்தப் போட்டா வெந்துடுவேன், பாய்."

பக்கத்தில் நைட்டி பார்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா திரும்பினார். "அது பணக்காரங்க ஆட்டம்மா. நம்ம ஏரியா பொண்ணுக்கு இன்னாத்துக்கு? அதுவும் கையில்லாம?"

சுருக்கென்றது.

"ஓங்கி அடிக்கணும்னா தோளு ஃப்ரீயா இருக்கணும்கா."

வெளிர் மஞ்சளில் ஒன்றைத் தேடி எடுத்தேன். டிரயல் ரூமில் மாட்டிக்கொண்டு, வெள்ளை பேண்டுக்குள் சொருகி, வெளியே வந்து, கொண்டுபோயிருந்த குடையை மட்டை மாதிரி பிடித்து ஒரு வீசு வீசினேன். தோளில் எங்கும் பிடிக்கவில்லை. பாய் மட்டும் இரண்டடி பின்னால் போனார்.

அக்கா மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான் கீது. இப்டியேவா வூட்டுக்குப் போவ?"

"இப்டியே பஸ்ல போவேன்கா."

போனேன். திருவொற்றியூர் வரை நின்றுகொண்டே. பார்த்தவர்கள் பார்த்தார்கள். நான் ஜன்னல் காற்று வாங்கினேன்.

சட்டை முடிவாகிவிட்டது, அதைப் பற்றி யாரும் யோசனை சொல்ல வேண்டாம். பந்தை நேராக அடிப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் மட்டும் கமெண்டில் வாருங்கள்.